மல்லாகத்துக்கு அப்பால் ஒரு ரயில்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் கல்யாண அழைப்பிதழும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கொழும்புக்குப் போய்த் திரும்பிய ஒருவர் சேட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். கொஞ்சம் வியர்வை பட்டிருக்கிறது, எழுத்து அழியவில்லை. அம்மா அழைப்பிதழைச் சாமியறையில் வைத்துவிட்டு, வருகிறவர்கள் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுகிறார். நான் எழுதத் தொடங்கினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய், சொல்ல வந்ததை விட்டுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். ஆகவே முதலில் ஒழுங்காகக் குறித்துவிட்டு எழுதுகிறேன்.

1. உன் கல்யாணத்துக்கு நாங்கள் வராதது பற்றி.
2. "இந்த நேரத்திலை உங்களுக்கு விளையாட்டு ரெயில் கேக்குதோ" என்று நீ கேட்டது பற்றி.
3. நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தால் அதற்கு ஒரு விதி வேண்டும் என்பது பற்றி.
4. கணவனுக்கும் மனைவிக்கும் அபிப்பிராயம் வேறுபட்டால், எது சரியென்று பார்த்து அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்பது பற்றி.
5. உடம்பைக் கவனிப்பது பற்றி.

முதலாவது சுருக்கமானது. ஊரை விட்டுப் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், வள்ளத்தில் களப்பைக் கடக்க வேண்டும், கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வள்ளத்தில் ஏறி இறங்க விடாது. இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் உன்னிடம் மறைத்து என்ன, எனக்குப் பயம். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதே சந்தியில் லொறி வந்தால் நான்தான் உன் கையை இறுக்கிப் பிடிப்பேன். நீ அல்ல. உன் முகூர்த்த நேரத்துக்கு இங்கே எத்தனை மணி என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் குளித்துவிட்டு, உடுத்துக்கொண்டு, முன்விறாந்தையில் இருப்போம். மருமகளிடம் சொல்.

இரண்டாவதுக்கு வருகிறேன். அம்மா உனக்கு என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. "கொப்பர் கிழவனாகிப் பொம்மை விளையாடுறார்" என்று எழுதியிருப்பார். பிழையில்லை. நீ வெளிநாடு போன பிறகுதான் இது தொடங்கியது. உனக்கு இரசாயனம் படிப்பித்த குணம் மாஸ்டரின் தம்பி லண்டனிலிருந்து வந்தபோது, மாஸ்டரின் பேரப்பிள்ளைக்கென்று ஒரு சின்ன மின்சார ரயில் கொண்டுவந்திருந்தார். எஞ்சின், நாலைந்து பெட்டி, வட்டமாகப் பொருத்தக் கொஞ்சத் தண்டவாளம். பிள்ளை தாய் தகப்பனோடு கனடாவுக்குப் போக, ரயில் குணத்திடம் நின்றுவிட்டது. நானும் ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தேன். நில அளவைக் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் படம் கீறிய கைக்குச் சும்மா இருப்பது கடினமாக இருந்தது. சுன்னாகத்தில் ரேடியோ திருத்தும் நடராசாவும் சேர்ந்துகொண்டான். மூன்று பேர் ஆனதும் குணம் அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்தார். நம் ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் சங்கம்தானே. வட்டமாக ஓடுவதை இரண்டு நாள் பார்த்தோம், அலுத்துவிட்டது. "உது செக்கு காணும்" என்றார் குணம். "போறதுக்கு ஓரிடம் வேணும்." அப்படித்தான் சுன்னாகம் ஸ்டேஷனிலிருந்து மல்லாகம் ஸ்டேஷன் வரைக்கும் செய்வதென்று முடிவாயிற்று.

இடம், குணத்தின் கார்க் கொட்டில். கார் பெற்றோல் இல்லாமல் மாமரத்துக்குக் கீழே போய்விட்டது. அங்கே இடுப்பளவு உயரத்தில் பலகை அடித்தோம். அந்தச் சின்ன ரயில் உண்மையான ரயிலில் எழுபத்தாறில் ஒரு பங்கு. நான் அந்தக் கணக்கில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். சுன்னாகத்துக்கும் மல்லாகத்துக்கும் இடைப்பட்ட தூரம் கொட்டிலை விட்டு வெளியே வந்து, முற்றத்தைத் தாண்டி, பக்கத்து வளவின் ஆட்டுப் பட்டிக்குள் போய் முடிந்தது. தூரத்தைச் சுருக்காமல் வழியில்லை. எனக்கு அது பொய்ப்படம் கீறுவது போல இருந்தது. இரண்டு கிழமை கொட்டில் பக்கம் போகவில்லை. பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டு போனேன். இடைப்பட்ட தூரம் சுருங்கலாம். ஆனால் பலகையில் எதை வைத்தாலும் அது நேரில் போய் நாடா பிடித்து அளந்ததாக இருக்க வேண்டும். நினைவில் இருந்து ஒன்றும் செய்யக்கூடாது. மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். இதுதான் மூன்றாவதில் நான் சொல்லும் விதி.

அந்த விதிக்காக நான் பட்ட பாட்டை உனக்கு எழுதவில்லை, அம்மா பயப்படுவார் என்று. நாட்டில் இருந்த நிலைமையில் ஒருவன் ரயில்வே ஸ்டேஷனை நாடா பிடித்து அளந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மல்லாகத்தில் மேடையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தபோது, தோளில் துவக்குகளோடு இரண்டு இயக்கப் பொடியள் சைக்கிளில் வந்து நின்றார்கள்.

"ஐயா, என்ன அளக்கிறியள்?"

எனக்கு நாடா கையிலிருந்து விழுந்துவிட்டது. "ரெயில் செய்யிறம் தம்பி" என்றேன்.

"ரெயிலோ?"

"சின்னன். இவ்வளவு." கையால் காட்டினேன்.

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான்."

ஒருவன் என் வழுக்கைத் தலையைப் பார்த்தான், மற்றவனைப் பார்த்தான். "அப்ப சரியா அளவுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு, நாடாவின் மற்ற நுனியை எடுத்து மேடை ஓரத்தில் பிடித்தான். அளந்து முடிந்தது. வீட்டுக்கு வந்து படுத்தவன் அடுத்த நாள்தான் எழுந்தேன்.

பொருள்களுக்குக் கடையை நம்பவில்லை, நம்பினாலும் கிடைத்திராது. தேயிலைப் பெட்டியைச் சுற்றிவரும் தகரப் பட்டியை நீளமாகக் கிழித்து, விளிம்பில் நிறுத்தித் தண்டவாளம் செய்தோம். பனை மட்டையைச் சீவிச் சிலிப்பர் கட்டைகள். பீர்க்கங்கூட்டைச் சாயத்தில் தோய்த்தால் மரம். மண் மட்டும் உண்மையான மண், உடுவில் தோட்டத்துச் செம்மண், அம்மா மா சலிக்கும் மாவரியில் அரித்தது. மாவரி காணாமல் போனது எப்படியென்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லாதே.

தொண்ணூறாம் ஆண்டில் ரயில் நின்றது, மின்சாரமும் நின்றது. எங்கள் எஞ்சினும் நின்றது. நடராசா சைக்கிள் டைனமோவில் ரேடியோவைப் பாட வைக்கிறவன். அந்த டைனமோவிலிருந்து வயர் இழுத்து, இடையில் ஏதோ சின்னச் சின்னச் சாமான்கள் பூட்டி, தண்டவாளத்துக்குக் கொடுத்தான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதித்தால் ரயில் ஓடும். மெல்ல மிதித்தால் மெல்ல, கெதியாக மிதித்தால் கெதியாக. மிதிக்கிறவர்தான் சாரதி. ஆனால் எங்களில் மிதிக்க ஆள் இல்லை. குணத்துக்கு மூச்சு இழுப்பு வருத்தம். நடராசா வயர் பக்கத்தை விட்டு அசைய முடியாது. நான் மிதித்தால் ரயிலுக்கு விக்கல் எடுக்கும்.

அந்த வருடம்தான் வடக்கே இருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தது. அவர்களில் ஒருவர் சின்னத்துரையர். தெல்லிப்பழைக்கு அங்கால், ரயில் பாதையை ஒட்டி வீடும் தோட்டமும். வெங்காயம், புகையிலை. மனைவி பரமேசுவரி. பிள்ளைகள் இல்லை. புத்தூரில் ஒரு சொந்தக்காரரின் தோட்டத்து மூலையில் கொட்டில் போட்டு இருந்தார்கள். ரேடியோவுக்கு டைனமோ பூட்ட நடராசாவிடம் வந்தவர், ஞாயிற்றுக்கிழமை கொட்டிலைப் பார்க்க வந்தார். ரயிலைப் பார்த்தார். நான் விக்க விக்க மிதிப்பதையும் பார்த்தார். "இறங்குங்கோ" என்றார். ஏறி மிதித்தார். தம்பி, அந்த ரயில் அதுவரை அப்படி ஓடியதில்லை. சுன்னாகத்திலிருந்து ஆடாமல் அசையாமல் புறப்பட்டு, வளைவில் வேகம் குறைந்து, மல்லாகம் மேடையில் மூச்சு விட்டாற்போல் நின்றது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் புத்தூரிலிருந்து அதே சைக்கிளில் வந்து, அதே சைக்கிளை ஸ்ராண்டில் போட்டு மிதிப்பார். "அவ்வளவு தூரம் மிதிச்சு வந்து இஞ்சையும் மிதிக்கிறியள், களைக்கேல்லையோ?" என்று குணம் கேட்டதற்கு, "இது வேறை மிதி" என்றார்.

ஒரு நாள், மல்லாகத்தில் ரயில் நின்றதும், அவர் காலை எடுக்காமல் கேட்டார். "அங்காலை எப்ப?"

"எங்காலை?" என்றேன்.

"தெல்லிப்பழை. பேந்து எங்கடை ரெயில் கேற். கேற்றுக்குப் பக்கத்திலை எங்கடை வீடு."

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. மல்லாகம்தான் முடிவு என்பதற்குக் காரணம், அதற்கு அப்பால் நான் அளக்கவில்லை. இனி அளக்கவும் முடியாது. அந்தப் பக்கம் ஆமி நிற்கிறது, ஒருவரும் போக ஏலாது. விதியைச் சொன்னேன். "நான் சொல்லுறன், நீங்கள் கீறுங்கோ. பிறந்து வளந்த இடம்" என்றார். சரியென்று பென்சிலை எடுத்துக் கேட்டேன். வீட்டு வாசல் எந்தப் பக்கம், மாட்டுக் கொட்டில் எங்கே, வேலியிலிருந்து பாதை எவ்வளவு தூரம். சொன்னார். அடுத்த கிழமை, எதற்கும் சரிபார்ப்போமென்று அதே கேள்விகளைக் கேட்டேன். மறுமொழிகள் வேறாக இருந்தன. மாட்டுக் கொட்டில் பின்பக்கத்திலிருந்து பக்கப்பாட்டுக்கு வந்துவிட்டது.

"போன கிழமை பின்னுக்கெண்டனீங்கள்" என்றேன். மற்றவர்களுக்கு முன்னால் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"அப்பிடியோ சொன்னனான்?"

"ஓம். அதுதான் நினைவை நம்பி வைக்க ஏலாது. அளவு வேணும்."

அவர் பலகையைப் பார்த்தார். கோபமில்லை. சைக்கிளை ஸ்ராண்டிலிருந்து இறக்கினார். "நேரம் போட்டுது, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் மிதித்தேன். சுன்னாகத்தை விட்டு வெளிக்கிடவே எஞ்சின் இருமியது. குணம் வாங்கிலில் இருந்தபடி கேட்டார். "என்ன காணும், உம்முடைய விதிக்குச் சைக்கிள் மிதிக்கத் தெரியாதோ?"

இன்னும் இரண்டு ஞாயிறு போயிற்று. எனக்கு யோசனை ரயிலைப் பற்றியது அல்ல. வீட்டை விட்டு வந்த மனிதர் ஒருவர் பலகைத் துண்டில் அந்த வீட்டை வைக்கச் சொல்லிக் கேட்டார், நான் அளவில்லை என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது சரி. ஆனாலும் சோறு இறங்கவில்லை. அம்மா, "போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன், இதென்ன பச்சைப்பிள்ளை மாதிரி" என்றார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? விதியை மாற்றுவதாகச் சொல்ல மனம் வரவில்லை. மாற்றாமல் அவரிடம் போகவும் முகம் இல்லை. கடைசியில் நாடாவையும், பூவரசங்கம்பில் சீவிய முளைகளையும் பையில் போட்டுக்கொண்டு புத்தூருக்கு வெளிக்கிட்டேன்.

வெங்காயம் கிண்டி முடிந்து தோட்டம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. சின்னத்துரையர் வரம்பில் நின்றார். என்னைக் கண்டதும், "வாங்கோ" என்றார். பரமேசுவரி கொட்டில் நிழலில் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்து கட்டினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வசனத்தை ஒருவாறு சொன்னேன். "வாயாலை சொல்ல வேண்டாம். இந்த வெறுந்தோட்டத்தை உங்கடை வளவெண்டு நினைச்சு நடவுங்கோ. நீங்கள் திரும்பிற இடத்திலை நான் முளை அடிக்கிறன். பேந்து அளப்பம்."

அவர் மனைவி இருந்த பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவளுக்குக் கேக்கக் கூடாது. வந்த நாள் துவக்கம் வீட்டுக் கதை எடுத்தால் எழும்பிப் போயிடுவாள். ஒரு வாத்தை கதைக்கமாட்டாள்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். முதலில் என்னைப் பார்த்துப் பார்த்து, வெட்கத்தோடு நடந்தார். படலை இது என்று ஓரிடத்தில் நின்று கையை நீட்டித் திறந்தார். திறந்த பிறகு என்னைப் பார்க்கவில்லை. முற்றம் கடந்து, படி ஏறுவதற்குக் காலைத் தூக்கி வைத்து, ஓரிடத்தில் தலையைக் குனிந்து உள்ளே போனார். வாசல் நிலை பதிவு, தாழ்வு என்று அதற்கு முன் அவர் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல நினைவு வந்திராது, கழுத்துக்கு நினைவிருந்தது. நான் பின்னால் போய்ப் போய் முளை அடித்தேன். மாட்டுக் கொட்டிலுக்குப் போனார். அது பின்பக்கமும் அல்ல, பக்கப்பாடும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் மூலையில் நின்றது. குசினியைச் சுற்றி வந்து, வலது கைப் பக்கம் நடந்து நின்றார். "கிணறு" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே?"

நிழலிலிருந்து வந்த குரலுக்கு நான் முளையைக் கீழே போட்டுவிட்டேன். பரமேசுவரி வெங்காயப் பிடியோடு எழுந்து நின்றார்.

"கிணறு அங்கையே கிடக்கு? குசினி வாசலுக்கு நேரை எல்லோ."

"நேரை இல்லை. வலப்பக்கம் தள்ளி" என்றார் சின்னத்துரையர். "தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சது நான்."

"குசினிக்குத் தண்ணி அள்ளினது ஆர்? உங்கடை கொம்மாவோ?"

வெங்காயத்தை வைத்துவிட்டு மண்ணில் இறங்கினார். நான் குசினி வாசலென்று அடித்த முளையை ஒருதரம் பார்த்தார், கொஞ்சம் தள்ளி அடிக்கச் சொன்னார். அங்கிருந்து, இடுப்பில் குடம் இருப்பதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதிலை உடுப்புத் தோய்க்கிற கல். இதிலை கோழிக் கூடு. இந்த முருங்கையாலை மசுக்குட்டிப் புழு விழும், சுத்தித்தான் போறது" என்று சொல்லிக்கொண்டு, இல்லாத முருங்கையைச் சுற்றிப் போய் நின்றார். "இது கிணறு. அடியுங்கோ அண்ணை முளையை."

இரண்டு கிணற்றுக்கும் முளை அடித்தேன். இடையில் நாலு அடிதான். இருவரும் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் எல்லாவற்றையும் நாடா பிடித்து அளந்து முடிக்கும் வரைக்கும் அவர்கள் கிணற்றைப் பற்றியும், மசுக்குட்டியைப் பற்றியும், எந்த வருடம் மதில் இடிந்தது என்பதைப் பற்றியும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு சின்னத்துரையர் வந்துவிட்டார். நான் கீறிய படத்தைப் பார்த்துவிட்டு, "இல்லாத வீட்டை அளந்துபோட்டு வாறீர், கெட்டிக்காரன் காணும்" என்றார் குணம். விதி முறியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கால் நடந்ததைத்தானே அளந்தேன்.

கொட்டிலின் பின்சுவரில் பலகை நீட்டி, மல்லாகத்துக்கு அப்பால் பாதை போட்டோம். தெல்லிப்பழைக்கு ஸ்டேஷன் வைக்கவில்லை, அளவு இல்லை. ஒரு பெயர்ப்பலகை மட்டும். அதைத் தாண்டினால் கேற். கேற்றுக்குப் பக்கத்தில் சவர்க்காரப் பெட்டி மட்டையில் செய்த வீடு, நிலை பதிவாக. கிணறு, பற்பசை மூடி. அதை மட்டும் ஒட்டவில்லை, எந்த முளை சரியென்று முடிவாகாதபடியால்.

இந்த இடத்தில் நாலாவதைச் சொல்வது பொருத்தம். நீ குடும்பம் ஆகப் போகிறாய். உங்கள் இருவருக்கும் அபிப்பிராயம் வேறுபடத்தான் செய்யும். அப்போது யாருடைய குரல் பெரிது என்று பார்க்காதே. எது சரியென்று பார். பார்த்து, அன்றைக்கே முடித்துவிடு, இழுபட விடாதே. நாங்கள் கல்யாணம் செய்த புதிதில் அலுமாரியை எந்தச் சுவரோடு வைப்பது என்று எனக்கும் அம்மாவுக்கும் பேச்சு வந்தது. நான் அறையை அளந்து, படம் கீறி, வடக்குச் சுவர்தான் சரியென்று காட்டினேன். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், நீங்கள் சொல்லுறது சரி" என்றார். அன்றோடு அந்தக் கதை முடிந்தது. அதைப் பற்றி அம்மா பிறகு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அலுமாரிக்காகத் தள்ளிப் போட்ட கட்டிலின் மூலையில் முழங்கால் இடிபடும்போதுகூட. நான் உனக்குத் தரக்கூடிய புத்திமதி என்று ஒன்றிருந்தால் அது இதுதான்.

மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதி வைத்தேன். கடிதம் கொண்டுபோகிறவர் திங்கட்கிழமைதான் வெளிக்கிடுகிறார். இன்று ஞாயிறு, பின்னேரம். கொட்டிலிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

பரமேசுவரியும் இப்போது ஞாயிறுகளில் வருகிறார், அதை எழுத மறந்துவிட்டேன். முதல்தரம் சைக்கிள் கரியரில் இருந்து வந்து இறங்கி, "இந்தக் கோச்சிக்கோ இவ்வளவு பாடு?" என்று கேட்டார். பலகையைச் சுற்றிப் போய் வீட்டைக் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் பற்பசை மூடியை மெல்ல இடதுபக்கம் தள்ளிவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றக் குணத்தின் வீட்டுக்குள் போனார். சின்னத்துரையர் சைக்கிளில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே போனதும் இறங்கி வந்து, மூடியை வலதுபக்கம் தள்ளிவிட்டு ஏறி மிதித்தார். அடுத்த கிழமை அது மறுபடி இடதுபக்கம் போயிற்று. இப்படியே ஒவ்வொரு கிழமையும். பெருவிரல் அகலம்தான். ஆனால் எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை துருதுருக்கும். முழுப் பலகையிலும் ஒட்டாத சாமான் அது ஒன்றுதான்.

உனக்கு நாலாவதை எழுதிய பிறகு, நான் சொன்னதை நானே செய்யாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. இன்று பசைப் போத்தலைக் கொண்டுபோனேன். இரண்டு முளைக்கும் சரி நடுவில் பென்சிலால் புள்ளி வைத்தேன். இருவரையும் கூப்பிட்டேன். "இண்டைக்கு இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ. வலமோ, இடமோ. இல்லையெண்டால் நடுவிலை ஒட்டிவிடப் போறன்" என்றேன்.

சின்னத்துரையர் மிதிப்பதை நிறுத்தவில்லை. ரயில் மல்லாகத்தை விட்டு வெளிக்கிட்டிருந்தது. "அவளைக் கேளுங்கோ" என்றார்.

பரமேசுவரி தேத்தண்ணித் தட்டத்தை வாங்கிலில் வைத்துவிட்டு வந்தார். போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒட்டாதேங்கோ அண்ணை" என்றார். "இவர் வாற கிழமையும் பிழையா வைப்பார். நான் வந்து மாத்த வேணும்."

"பிழையா வைக்கிறது ஆரெண்டு அண்ணைக்குத் தெரியும்" என்றார் சின்னத்துரையர், திரும்பிப் பாராமல். "மசுக்குட்டிக்குப் பயந்து சுத்திப் போய்ப் போய் உனக்குக் கிணறே தள்ளிப் போட்டுது."

"மசுக்குட்டி கடிச்சு ஆர் அழுதது? சொல்லட்டே எல்லாருக்கும்?"

"சொல்லு பாப்பம்."

பரமேசுவரி சொல்லத் தொடங்கினார். அந்தக் கதை நீளமானது, முருங்கைக்காய் ஆயப் போனதில் தொடங்கி, அயலுக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வரைக்கும் போயிற்று. குணத்துக்குச் சிரித்துச் சிரித்து இழுப்பு வந்துவிட்டது. கதை முடியும் வரைக்கும் சின்னத்துரையர் வேகத்தைக் குறைத்து மிதித்தார். ரயில் கேற்றைத் தாண்டி, வீட்டைத் தாண்டி மிக மெல்லப் போயிற்று.

நான் போத்தலை மூடிப் பைக்குள் வைத்தேன். பென்சில் புள்ளியை விரலால் அழித்துவிட்டு வந்தேன்.

தம்பி, நாலாவதாக நான் எழுதியது பிழை. கீறி வெட்டினால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டிருக்கிறேன். நீ அதை எடுக்காதே. ஐந்தாவதை அம்மா தனியாக எழுதுவார், அது அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

அப்பா